48 வருடத்தில் அமெரிக்கா பிலிப்பைன்ஸில் விட்டுப்போனது என்ன?

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். மணிலாவில் இருக்கும் டீமோடு தினமும் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுடைய ஆங்கிலம் அப்படியே அமெரிக்க ஆங்கிலமாக இருக்கிறது, ஓய்வு கிடைத்தால் பேச்சு கூடைப்பந்துக்குப் போய்விடுகிறது, டீம் லீடரை எல்லோரும் 'பாய்' (ஆங்கில Boy) என்று கூப்பிடுகிறார்கள். ஸ்பெயின் 333 வருடம் ஆண்ட நாட்டில் 48 வருடம் மட்டுமே ஆண்ட அமெரிக்கா எப்படி ஸ்பெயினைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தது, இந்த மக்கள் தங்களுடையதை எல்லாம் ஏன் விட்டுக்கொடுத்தார்கள், இதை அவர்களிடமே கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்கிறீர்கள். இதில் ஸ்பெயின் துடைக்கப்பட்டுவிட்டது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. மக்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தென்கிழக்காசிய வரலாறுதான் என் படிப்பு. ஆய்வுக்காக கேசான் சிட்டியில் ஆறு வருடம் இருந்தேன், திரும்பி வந்த பிறகு அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்திக்கொண்டிருக்கிறேன். தகாலோக் நன்றாகப் பேசுவேன். செபுவானோ, இலோகானோ எல்லாம் அரைகுறைதான். நான் பழகி அறிந்தது மணிலாவும் லூசோன் தீவும். தெற்கே மிண்டனாவோவிலும் சூலுவிலும் உள்ள முஸ்லிம் மக்கள் 1913 வரை அமெரிக்கப் படையோடு சண்டை போட்டார்கள். அவர்களுடைய கதை வேறு. கீழே சொல்வதை அவர்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில் ஸ்பெயின். அது எங்கேயும் போகவில்லை. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எண்பது தாண்டிய ஒரு பாட்டி. 'லோலா' என்று கூப்பிடுவோம். தகாலோக்கில் பாட்டிக்கு அதுதான் சொல், ஸ்பானிய 'அபுவேலா'விலிருந்து வந்தது. காலையில் பார்த்தால் 'குமுஸ்தா' என்பார், அது ஸ்பானியர்களின் 'கோமோ எஸ்தா'. மணி கேட்டால் 'அலாஸ் தோஸ்' என்று ஸ்பானியத்தில் சொல்வார். சந்தையில் மீன் விலை பேசும்போதும் இருபது என்பதற்கு 'பெய்ந்தே'தான். மேசைக்கு 'மேசா', கரண்டிக்கு 'குட்சாரா', நாற்காலிக்கு 'சில்யா'. நம் மேசையும் சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசியரோடு வந்து தமிழாகிவிட்டது மாதிரி, அங்கே ஆயிரக்கணக்கான ஸ்பானியச் சொற்கள் தகாலோக்காகிவிட்டன. குடும்பப் பெயர்களும் அப்படித்தான். 1849இல் கவர்னர் கிளாவெரியா பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்பி, குடும்பங்கள் அதிலிருந்து பெயர் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். இவை எல்லாவற்றுக்கும் மேலே கத்தோலிக்க மதம். அமெரிக்கர்களோடு புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வந்தார்கள், பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், ஆனாலும் இன்றைக்குப் பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர்கள்.

ஸ்பெயின் கொடுக்காதது ஒன்று உண்டு, அது தன் மொழி. சொற்களைக் கொடுத்தது, மொழியைக் கொடுக்கவில்லை. ஸ்பானியக் கத்தோலிக்கச் சாமியார்கள் ஊர் மொழிகளைத் தாங்கள் கற்றுக்கொண்டு அதிலேயே ஜெபமும் பிரசங்கமும் நடத்தினார்கள். மக்கள் ஸ்பானியம் படித்துவிட்டால் சட்டத்தைப் படிப்பார்கள், மாட்ரிட்டுக்கு மனு எழுதுவார்கள் என்ற பயம் அவர்களில் பலருக்கு இருந்தது. ஊருக்கு ஊர் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பள்ளி வேண்டும், அதில் ஸ்பானியம் சொல்லித்தர வேண்டும் என்று 1863இல் ஓர் அரசாணை வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, செயல்படுத்தியதும் அரைமனதாகத்தான். ஆக 1898இல் ஸ்பானியம் பேசியவர்கள் படித்த, வசதியான சிறு கூட்டம் மட்டுமே. அமெரிக்கா துடைத்தெறிய அங்கே ஒரு பொதுமொழியே இருக்கவில்லை. இடம் காலியாக இருந்தது.

அந்தக் காலி இடத்துக்குள் அமெரிக்கா வந்த விதத்தைச் சொல்லாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடக் கூடாது. நீங்கள் படித்த இடங்களில் இந்தப் பகுதி இல்லாமல் போயிருக்கலாம், பலருக்கும் தெரியாது. 1898 ஜூன் 12இல் கவீட்டே மாகாணத்தின் காவிட் என்ற ஊரில் ஸ்பெயினை எதிர்த்த புரட்சியின் தலைவர் எமிலியோ அகினால்டோ சுதந்திரத்தை அறிவித்தார். அதே வருடம் டிசம்பரில் பாரீஸில், போரில் தோற்ற ஸ்பெயினும் ஜெயித்த அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன, 2 கோடி டாலருக்கு நாடு கைமாறியது. அந்த மேசையில் ஒரு பிலிப்பினோகூட உட்காரவில்லை. 1899 பிப்ரவரி 4இல் பிலிப்பினோக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் போர் வெடித்தது. 1902 ஜூலையில் போர் முடிந்தது என்று அமெரிக்கா அறிவித்தது. பட்டாங்காஸ் மாகாணத்தில் கிராம மக்களை ஓரிடத்தில் அடைத்துவைத்தார்கள், வெளியே இருந்த நெல்லையும் மாடுகளையும் அழித்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் உறுதியான எண் கிடையாது. பிலிப்பினோ வீரர்கள் சுமார் 20,000 பேர், அமெரிக்க வீரர்கள் 4,200 பேர் என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. பொதுமக்கள் 2 லட்சம் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன, அதைவிட மிக அதிகம் என்போரும் உண்டு. காலராவிலும் பசியிலும் போனவர்களைப் போர்ச் சாவாக எண்ணுவதா வேண்டாமா என்பதில்தான் கணக்குகள் பிரிகின்றன. எண்ண வேண்டும் என்பது என் நிலை. அடைத்துவைக்காமல் இருந்திருந்தால், பட்டினி போடாமல் இருந்திருந்தால் அந்த நோய் அத்தனை பேரைத் தின்றிருக்காது.

இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1901 ஆகஸ்ட் 21இல் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பல் மணிலாவுக்கு வந்தது. அதில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் இருந்தார்கள். கப்பல் பெயராலேயே அவர்களைத் 'தாமசைட்' என்று அழைத்தார்கள். 38 நாள் கழித்து, செப்டம்பர் 28இல், சமார் தீவின் பலாங்கீகா ஊர் மக்கள் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைப்பிரிவைத் தாக்கி 48 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பதிலாக ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய பத்து வயதுக்கு மேற்பட்ட எவரையும் கொல்லலாம், சமாரைப் பாழ்நிலமாக்குங்கள் என்று உத்தரவிட்டார். பின்னால் ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது, ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர்க் கோயிலின் மூன்று மணிகளைப் படை வீரர்கள் வெற்றிச் சின்னமாக எடுத்துப்போனார்கள். பாடப் புத்தகமும் துப்பாக்கியும் ஒரே வருடத்தில், ஒரே அரசிடமிருந்து வந்தன. பள்ளிக்கூடம் போருக்குப் பிறகு வந்த பரிகாரம் இல்லை. போரின் ஒரு பகுதியாகவே அதைத் தொடங்கினார்கள். முதலில் வகுப்பெடுத்தவர்களே சிப்பாய்கள்தான்.

சரி, பள்ளிக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும் பங்கு இங்கேதான் இருக்கிறது. 1901 ஜனவரியில் வந்த 74ஆம் எண் சட்டம் இலவசப் பொதுப் பள்ளிகளை ஏற்படுத்தியது, ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது, ஆயிரம் அமெரிக்க ஆசிரியர்களை வரவழைக்க அனுமதி கொடுத்தது. ஸ்பெயின் அரைமனதாகத் தந்த பள்ளிக்கூடத்தை இவர்கள் ஊர் ஊராகத் திறந்தார்கள். விவசாயி பிள்ளையும் போகலாம், பெண் பிள்ளையும் போகலாம், கட்டணம் கிடையாது. அந்த மக்களிடம் பள்ளிக்கூட ஏக்கம் ஏற்கெனவே இருந்தது. அகினால்டோவின் புரட்சிக்காரர்களே மாலோலோஸ் ஊரில் உருவாக்கிய தங்கள் அரசமைப்பில் இலவசக் கல்வியை எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்கா அந்தப் பசியை உருவாக்கவில்லை. தன் மொழியில், தன் நிபந்தனையில் அதற்குச் சோறு போட்டது. 1939 கணக்கெடுப்பில் நான்கில் ஒருவர் ஆங்கிலம் பேசத் தெரியும் என்று சொன்னார்கள். ஸ்பானியம் தெரிந்தவர்கள் நூற்றில் மூன்று பேர்கூட இல்லை. இது நடக்க நாற்பது வருடம் போதுமாக இருந்தது.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம், இந்த ஆங்கிலத்தைப் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அமெரிக்கர்கள் இல்லை. தாமசைட் ஆசிரியர்கள் சில வருடங்களில் கலைந்துவிட்டார்கள், சிலர் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் அங்கேயே இறந்தார்கள். அவர்களிடம் படித்த பிலிப்பினோக்கள் ஆசிரியர்களானார்கள். மணிலாவில் 1901இலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. 1903இலிருந்து அரசு செலவில் மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், திரும்பியவர்கள் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நடத்தினார்கள். 1920களுக்குள் வகுப்பறையில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். உங்கள் காதில் அமெரிக்க ஆங்கிலமாக விழுவது, கால் சென்டர் பயிற்சியைக் கழித்துவிட்டால், நாலைந்து தலைமுறை பிலிப்பினோ டீச்சர்கள் கைமாற்றிக் கொடுத்த ஆங்கிலம். கழிப்பறையை 'கம்ஃபர்ட் ரூம்' என்பார்கள், அதையும் சுருக்கி 'சி.ஆர்.'. இன்றைக்கு எந்த அமெரிக்கரிடம் அப்படிக் கேட்டாலும் விழிப்பார்.

லோலா 1930களில் பள்ளி போனவர். பனிப்பொழிவைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பாட்டை, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நின்ற மாதிரியே நின்று வரி பிசகாமல் சொல்வார். வாழ்நாளில் பனி விழுந்து பார்த்ததில்லை. பாட்டில் வந்த ஒரு மரத்தின் பெயரைக் காட்டி அது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் பேரனைத் திட்டுவது தன் தாய்மொழியான கபம்பாங்கனில். அந்த மொழியில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை என்று ஒருமுறை சொன்னார், குரலில் வருத்தம் தெரிந்தது. ஆப்பிளும் பனியும் நிறைந்த பாடநூல்களின் குறையை அந்தக் காலத்திலேயே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். கமிலோ ஓசியாஸ் என்ற கல்வியாளர், அவரும் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர், உள்ளூர்க் கதைகளை வைத்து ஆங்கில வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தார். 1925இல் அரசே நியமித்த மன்ரோ குழு, பிள்ளைகள் மூன்று நான்கு வருடத்தில் பள்ளியை விட்டுவிடுகிறார்கள், அதற்குள் அந்நிய மொழியில் எதுவும் முழுதாகப் பதிவதில்லை என்று எழுதியது. அறிக்கை வந்தது, பயிற்றுமொழி மாறவில்லை.

இதற்கான விலை இன்னும் கொடுக்கப்படுகிறது. 1937இல் தகாலோக்கை அடிப்படையாகக் கொண்டு தேசிய மொழி என்று அறிவித்தார்கள், 1974இல் இருமொழிக் கல்வி வந்தது, 1987 அரசமைப்பு பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகள் என்றது. ஆனாலும் சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தன் நிலத்தின் மேல் வந்த தீர்ப்பைத் தானே படிக்க முடியாத விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வி 2012 வாக்கில் வந்தது, 2024இல் வந்த ஒரு சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆங்கிலம் வேலை கொடுக்கிறது, உங்கள் டீமே அதற்குச் சாட்சி. அதே ஆங்கிலம் யார் உள்ளே, யார் வெளியே என்றும் பிரிக்கிறது. வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ 1960களில் இந்தக் கல்வியே மக்களைத் தங்கள் நாட்டுக்கு அந்நியராக்கியது என்று வாதிட்டார். நான் மாணவனாக இருந்தபோது அதை முழுதாக நம்பினேன். இப்போது பாதிதான் நம்புகிறேன். ஏனென்றால் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான் ஆங்கிலத்திலேயே சுதந்திரம் கேட்டார்கள், அவர்களை ஏமாளிகள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்தது கூடைப்பந்து. 1910 வாக்கில் ஒய்.எம்.சி.ஏ. கொண்டுவந்தது, பள்ளி உடற்கல்வியில் சேர்ந்தது, முதலில் பெண் பிள்ளைகள்தான் அதிகம் ஆடினார்கள். 1913இல் மணிலாவில் நடந்த தூரக்கிழக்குப் போட்டிகளில் பிலிப்பைன்ஸ் ஜெயித்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம், 1954 உலகப் போட்டியில் வெண்கலம். 1975இல் ஆசியாவின் முதல் தொழில்முறை லீக் அங்கேதான் தொடங்கியது. ஆனால் அமெரிக்க அதிகாரிகள் ஆசை ஆசையாகப் புகுத்தியது பேஸ்பால். சேவல் சண்டையை அது ஒழித்துவிடும் என்றே நம்பினார்கள். இன்றைக்குப் பேஸ்பாலைத் தேட வேண்டியிருக்கிறது, சேவல் சண்டை ஜோராக நடக்கிறது. கூடைப்பந்து ஏன் நின்றது என்பதற்கு நான் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பெரிய மைதானம் வேண்டாம். சந்தின் முனையில் தென்னை மரத்தில் ஒரு பலகை, ஒரு வளையம், ஒரு பந்து போதும். பையன்கள் ரப்பர் செருப்போடு ஓடுவார்கள். அதற்குப் பெயர் 'சினெலாஸ்', அதுவும் ஸ்பானியச் சொல். டிரைசைக்கிள் வந்தால் ஆட்டம் நிற்கும், போனதும் தொடரும். எங்கள் சந்தில் சாவு வீட்டுக்குப் பந்தல் போட்ட நாட்களில் மட்டும்தான் ஆட்டம் இருக்காது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. பிறந்தநாள் வீடு என்றால் லோலா ஸ்பாகெட்டி செய்வார். சிவப்பாக, இனிப்பாக, நடுவே வட்ட வட்டமாக நறுக்கிய ஹாட்டாக். அந்தச் சிவப்பு தக்காளி இல்லை, வாழைப்பழ கெட்சப். அதை உருவாக்கியவர் என்று மரியா ஓரோசாவைச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் மருந்தியலும் உணவு வேதியியலும் படித்துவிட்டு 1922இல் நாடு திரும்பியவர். தக்காளி அங்கே சரியாக விளையாது, வாழை எங்கும் விளையும், இறக்குமதி டப்பாக்களை நம்பி வாழ வேண்டாம் என்பதுதான் அவருடைய வேலையின் மையம். மின்சாரமில்லாத கிராமங்களுக்காக மண்பானை அடுப்பு ஒன்றையும் வடிவமைத்தார், சோயாவிலிருந்து சத்துமாவு செய்தார், இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜப்பானியர் சிறைவைத்தவர்களுக்கு அந்த மாவு ரகசியமாகப் போய்ச் சேர்ந்தது. 1945 பிப்ரவரி 13இல், மணிலாவை மீட்கும் சண்டையின் நடுவே, குண்டுச் சிதறல் பாய்ந்து இறந்தார். அந்த ஒரு மாதச் சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள், ஜப்பானியர் நடத்திய படுகொலையிலும் அமெரிக்கப் பீரங்கியிலும். பாட்டிலில் இருக்கும் அந்தச் சிவப்புச் சாற்றை 'அமெரிக்கப் பாதிப்பு' என்று நீங்கள் சொன்னால் நான் மறுப்பேன். அமெரிக்காவில் படித்த ஒரு பெண், அமெரிக்கப் பண்டம் தேவைப்படாமல் இருக்கச் செய்த காரியம் அது.

ஜீப்னியும் அப்படித்தான். போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை வாங்கி, நீட்டி, கூரை போட்டு, எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு வைத்து மினி பஸ் ஆக்கினார்கள். கண்டக்டர் கிடையாது. உள்ளே ஏறி உட்கார்ந்ததும் 'பயாட் போ' என்று காசை நீட்டுவீர்கள். பக்கத்திலிருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார், கைமாறி கைமாறி டிரைவரிடம் போகும், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குச் சில்லறை குறைந்ததில்லை. இறங்க வேண்டுமானால் 'பாரா போ'. 'பயாட்' மலாய் வழிச் சொந்தச் சொல், 'பாரா' ஸ்பானியம், மரியாதைக்குச் சேர்க்கும் 'போ' தகாலோக், வண்டியின் பூர்வீகம் அமெரிக்கா, என்ஜின் பெரும்பாலும் ஜப்பானிய டீசல்.

ஒட்டாமல் போனதற்கு இன்னொரு உதாரணம் விவாகரத்து. 1917இல் அமெரிக்க ஆட்சியின் கீழ் விவாகரத்துச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் வந்த சிவில் சட்டம் அதை எடுத்துவிட்டது. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, மற்றவர்களுக்கு இன்றுவரை பொது விவாகரத்து கிடையாது. ஸ்பெயினுடைய கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்! வாக்குரிமையில் வேறு மாதிரி நடந்தது. குறைந்தது 3 லட்சம் பெண்கள் 'ஆம்' சொன்னால்தான் பெண்களுக்கு ஓட்டு என்று 1935 அரசமைப்பில் நிபந்தனை வைத்தார்கள். 1937 ஏப்ரலில் 4,47,725 பெண்கள் வந்து 'ஆம்' என்று குத்தினார்கள். அது யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை.

இதுவரை சொன்னவற்றில் மக்கள் கையில் ஓரளவு தேர்வு இருந்தது. வேண்டியதை எடுத்தார்கள், மாற்றினார்கள், வேண்டாததைக் கீழே போட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் இல்லாத விஷயங்களும் உண்டு. என்னைக் கேட்டால் இன்றைய பிலிப்பைன்ஸை அதிகம் வடிவமைத்தது அவைதான். உணவும் விளையாட்டும் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அவற்றையே பேசுகிறோம். 1903இல் சாமியார்களின் பண்ணை நிலங்களை, 4 லட்சம் ஏக்கருக்குக் கிட்ட, அமெரிக்க அரசு விலைக்கு வாங்கியது. குத்தகை விவசாயிகளுக்குப் போக வேண்டிய நிலம், விலை கட்ட முடியாமல், கணிசமாகப் பணக்காரர்களிடமே போனது. 1907 தேர்தலில் சொத்து அல்லது படிப்பு இருந்த ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. அந்தச் சட்டசபையில் உட்கார்ந்த குடும்பங்களில் சிலவற்றின் பெயர்களை இன்றைய தேர்தல் சுவரொட்டியிலும் பார்க்கலாம். 1909இலிருந்து வந்த வரியில்லா வணிகம் சர்க்கரையையும் தேங்காயையும் ஒரே சந்தையோடு கட்டிப்போட்டது. 1946 ஜூலை 4இல் சுதந்திரம் கொடுத்தபோது, அமெரிக்கர்களுக்கும் நாட்டின் இயற்கை வளத்தில் சம உரிமை வேண்டும், அதற்கு அரசமைப்பைத் திருத்துங்கள் என்றார்கள். அதை ஏற்காவிட்டால் யாருக்கும் 500 டாலருக்கு மேல் போர் நஷ்டஈடு கிடையாது. நாடு முழுக்க இடிந்து கிடந்த நேரம் அது. 1947 பொதுவாக்கெடுப்பில் ஒத்துக்கொண்டார்கள். வேறென்ன செய்திருக்க முடியும்?

எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம் இன்னொன்று. 1941இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிலிப்பினோ படையை அமெரிக்கக் கொடியின் கீழ் அழைத்தார், இரண்டரை லட்சம் பேர் போரிட்டார்கள். 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அவர்கள் செய்த சேவை சலுகைகளுக்குத் தகுதியான சேவை ஆகாது என்றது. 2009இல்தான் ஒரே தவணையாகப் பணம் கொடுத்தார்கள், அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். லோலாவின் அண்ணன் அவர்களில் ஒருவர்.

வரலாற்றுக்காரர்கள் நடுவே தீராமல் இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் அதை உறுதியான உண்மை மாதிரி எழுதுகிறார்கள். ஸ்பானிய ஆட்சி சுட்டுக்கொன்ற எழுத்தாளர் ஹோசே ரிசாலைத் தேசிய வீரராக்கியதே அமெரிக்காதான், ஆயுதம் எடுக்காதவர் அவர்களுக்கு வசதி என்பது வாதம். பாதி உண்மை. அமெரிக்க ஆட்சி அவரைத் தூக்கிப் பிடித்தது நிச்சயம், 1901இல் ஒரு மாகாணத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள், 1913இல் மணிலாவின் லுனெட்டா திடலில் நினைவுச் சின்னம் எழுந்தது. ஆனால் ரிசால் கொல்லப்பட்ட டிசம்பர் 30ஐத் துக்க நாளாக முதலில் அறிவித்தது அகினால்டோவின் புரட்சி அரசு, 1898இலேயே. மக்கள் ஏற்கெனவே கும்பிட்ட ஒருவரை அமெரிக்கர்கள் தங்களுக்கும் தோதாக இருக்கிறார் என்று கண்டு ஆதரித்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். பிலிப்பினோ கொடியையே 1907இலிருந்து 1919 வரை தடை செய்திருந்த ஆட்சி அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, அவர்களிடம் கேட்கலாமா என்பது. தாராளமாகக் கேட்கலாம். 'முந்நூறு வருடம் கன்னிமடத்தில், ஐம்பது வருடம் ஹாலிவுட்டில்' என்று ஒரு பழகிப்போன வாசகம் உண்டு. அதைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், அவர்களுக்கு அது புளித்துப்போன ஒன்று. 'நீங்கள் அமெரிக்கர்கள் மாதிரியே இருக்கிறீர்கள்' என்றும் சொல்ல வேண்டாம். சிலருக்குப் பெருமையாக இருக்கும், சிலருக்குச் சுருக்கென்று குத்தும், எது என்று போனில் உங்களுக்குத் தெரியாது. அதைவிட, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், எந்த மாகாணம் என்று கேளுங்கள். தகாலோக் என்று பதில் வரும் என்று நினைப்பீர்கள், இலோகானோ, வாராய், ஹிலிகாய்னோன் என்று ஏதாவது வரும், அப்புறம் பேச்சு தானாக ஓடும். 'பாய்' என்பது ஞானஸ்நானப் பெயராக இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் அது, நம் வீட்டுத் 'தம்பி' மாதிரி. ஞானஸ்நானப் பெயர் கேட்டால் பெரும்பாலும் ஸ்பானியப் புனிதர் ஒருவர் பெயர் வரும்.

யாராவது சமார் தீவுக்காரர் இருந்தால் பலாங்கீகா மணிகளைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு மணிகள் வயோமிங்கில் ஒரு விமானப்படைத் தளத்தில் இருந்தன, மூன்றாவது தென்கொரியாவில் ஒரு அமெரிக்கப் படைப்பிரிவிடம் இருந்தது. ஊர்க்காரர்களும் பாதிரியார்களும் அரசாங்கங்களும் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்க வீரர்கள் சிலரே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேசினார்கள், வேறு சிலர் எதிர்த்தார்கள். 117 வருடம் கழித்து, 2018 டிசம்பரில், மூன்றும் பலாங்கீகா கோயிலுக்கு வந்து சேர்ந்தன. டிசம்பர் 16இலிருந்து 24 வரை விடியற்காலையில் நடக்கும் ஒன்பது நாள் பூசை தொடங்குவதற்குச் சரியாக முந்தின நாள் அது.